பழைய ஜிடிஐயா, புதிய டர்போவா? தம்பியோடு கார் தேடிய ஆறு வாரங்கள்

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மிச்சமிருந்த முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் தம்பி கேட்டான்: "அக்கா, ரெண்டு காடி பார்த்து வச்சிருக்கேன். எதை எடுக்கிறதுன்னு நீதான் சொல்லணும்."

வானொலியில் காலை நேரத்தில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. உண்மையில் அன்றைக்கு எனக்குக் காரைப் பற்றித் தெரிந்தது, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான்.

அவன் கைத்தொலைபேசியில் காட்டிய முதல் படம், 2001-ஆம் ஆண்டின் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. இரண்டாவது, 2015-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஏழாம் தலைமுறை. முன்னதற்கு டர்போ கிடையாது, வயது 24. பின்னதற்கு டர்போ உண்டு, வயது 10. இரண்டுமே பழைய கார்கள். ஒன்றைப் பார்த்தால் அவனுடைய பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வருகின்றன. மற்றொன்றை நெடுஞ்சாலையில் பின்னால் இருந்து பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டிருக்கிறான்.

அவனுக்கு வயது 29. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. தினமும் வேலைக்குப் போய்வர ஒரு மைவி இருக்கிறது, அதன் கடன் முடிந்துவிட்டது. 5 ஆண்டுகளாகச் சேர்த்த 38,000 ரிங்கிட் கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு கடைசியில் கல்யாணம்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரிதான் இருந்தார். கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டுல எதுடா நம்மளோடதா இருக்கும்?"

தம்பி சிரித்தான். எனக்கும் அப்போது அந்தக் கேள்வி புரியவில்லை.

இரண்டு ஜிடிஐ, இரண்டு குணம்

சத்ரியா 1994-இல் வந்தது. 3 கதவு கொண்ட சிறிய கார். மிட்சுபிஷியின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டது. 1996-இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் பலன் 1998-இல் வெளிவந்த சத்ரியா ஜிடிஐயில் தெரிந்தது. காரின் சஸ்பென்ஷனையும் வளைவுகளில் அது நடந்துகொள்ளும் விதத்தையும் லோட்டஸ் பொறியாளர்கள் சீர்செய்தார்கள். அதைச் சொல்லும் சின்னம் காரின் பின்னால் இருக்கும். 1,834 சிசி எஞ்சின், சுமார் 138 குதிரைத்திறன், 5 கியர், கிளட்சை மிதித்து நாமே மாற்ற வேண்டும். 2005 வாக்கில் தயாரிப்பு நின்றது. நம் நாட்டுக் கார் ஒன்றை வெளிநாட்டுப் பத்திரிகைகளும் மதித்துப் பேசிய காலம் அது. இன்றைக்கும் ஈப்போ, தைப்பிங் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் காரைக் கண்டால் திரும்பிப் பார்க்க அதுவே காரணம்.

கோல்ஃப் ஜிடிஐயின் ஏழாம் தலைமுறை 2013-இல் மலேசியாவுக்கு வந்தது. 1,984 சிசி டர்போ எஞ்சின், 220 குதிரைத்திறன். ஆனால் ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிவது குதிரைத்திறன் இல்லை, 350 நியூட்டன் மீட்டர் இழுவிசை. அது 1,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முன்னால் லாரி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்ரியாவில் கியரை இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு, இடம் பார்த்து ஏற வேண்டும். கோல்ஃபில் காலைச் சற்று அழுத்தினால் போதும்.

இந்த இரண்டு நிறுவனங்களும் ஒரு காலத்தில் சம்பந்தம் பேசியவை என்பது பலருக்கு மறந்திருக்கும். புரோட்டோனோடு கூட்டுச் சேர ஃபோக்ஸ்வேகன் நடத்திய பேச்சுவார்த்தை 2007 நவம்பரில் முறிந்தது. பிறகு 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. லோட்டஸின் பெரும்பங்கும் அதோடு ஜீலிக்குப் போனது.

டர்போ என்றால் என்ன?

சிலிபினில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் தம்பி என்னை அழைத்துப் போனான். அப்பாவின் பழைய சாகாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். கழற்றிப்போட்ட டர்போ ஒன்றை என் கையில் கொடுத்தார். நத்தைக்கூடு போல இருந்தது. நினைத்ததைவிடக் கனம்.

"எஞ்சின்லேர்ந்து வெளிய போற புகை இருக்குல்ல, அது சும்மாதானே போகுது? அதை வச்சு இந்தப் பக்கத்துச் சக்கரத்தைச் சுத்த வைக்கிறாங்க. அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது. காத்து கூடுதலா போனா பெட்ரோலும் கூடுதலா எரியலாம். அவ்வளவுதாம்மா."

ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. எளிமையான யோசனைதான், ஆனால் அது வேலை செய்யும் இடம் கடுமையானது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். ஒரு பக்கம் பல நூறு டிகிரி சூடு. அதைக் காப்பாற்றுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். முந்தைய உரிமையாளர் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தாலும், மலிவான எண்ணெயை ஊற்றியிருந்தாலும், அதன் விளைவு அடுத்து வாங்குகிறவர் தலையில்தான் விடியும்.

"டர்போ காடி கெட்டது இல்லம்மா," என்றார் அண்ணன். "அதை வச்சிருந்தவன் எப்படி வச்சிருந்தான்னு தெரியாம வாங்குறதுதான் கெட்டது."

சாலை வரி காட்டிக்கொடுத்தது

முதலில் பார்த்த சத்ரியா கோப்பெங் சாலைப் பக்கம் இருந்தது. பளபளக்கும் மஞ்சள் நிறம், புதுச் சக்கரங்கள், பின்னால் லோட்டஸ் சின்னம். தம்பியின் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. விற்பவரும் நன்றாகப் பேசினார். "பாஸ், இந்தக் கண்டிஷன்ல இனிமே கிடைக்காது. இன்னும் ரெண்டு பேர் பார்க்க வர்றாங்க."

பட்டறை அண்ணன் காரைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. "ஜேபிஜே செயலியைத் திறந்து சாலை வரியைக் காட்டுங்க" என்றார்.

இப்போது தனியார் காருக்குச் சாலை வரிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை, எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. விற்பவர் தயங்கித் தயங்கிக் காட்டினார். ஆண்டு வரி: 90 ரிங்கிட்.

அண்ணன் வெளியே வந்து கணக்குச் சொன்னார். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டு வரி 90 ரிங்கிட். 1,801-லிருந்து 2,000 சிசி வரை அடிப்படை வரி 280 ரிங்கிட். அதோடு 1,800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். அப்படிப் பார்த்தால் உண்மையான ஜிடிஐயின் 1,834 சிசிக்கு வரி 297 ரிங்கிட் வர வேண்டும். 90 ரிங்கிட் கட்டும் கார், பதிவேட்டின்படி 1.6 லிட்டர் சத்ரியாதான். ஜிடிஐயின் உடையை அதற்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

உள்ளே எஞ்சினையே மாற்றியிருந்தால் அது இன்னும் பெரிய சிக்கல். எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் தனி ஆய்வும் வேண்டும். பதிவுப் பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், பெயர் மாற்றத்துக்கான பி5 ஆய்வில் அது நின்றுவிடும். ஆய்வுக்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்திருந்தால், அதைத் திரும்ப வாங்க நாம்தான் அலைய வேண்டும். விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான்.

திரும்பும் வழியில் தம்பி பேசவே இல்லை. புந்தோங் வந்ததும் கச்சான் வாங்கிக் கொடுத்தேன். "பரவாயில்லடா, நம்ம பணம் இன்னும் நம்மகிட்டதானே இருக்கு" என்றேன்.

கோல்ஃப் ஓட்டிய நாள்

அடுத்த வாரம் கோல்ஃப். ஓட்டிப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நானே மயங்கிவிட்டேன். கதவை மூடும் சத்தம் வேறு. நெடுஞ்சாலையில் அது ஓடுவதே தெரியவில்லை. அம்மாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து தஞ்சோங் மாலிம் வரை போய்வந்தால்கூட இடுப்பு வலிக்கும் என்று சொல்ல மாட்டார்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தலைமுறை கோல்ஃப் 2012-இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. பல காற்றுப்பைகள் உண்டு. சக்கரம் வழுக்கினால் காரைத் தானே நிலைநிறுத்தும் இஎஸ்சி வசதியும் உண்டு. சத்ரியாவில் இஎஸ்சி கிடையாது. ஆசியான் என்கேப் சோதனை அமைப்பு 2011-இல் தொடங்குவதற்கு முன்பே அதன் தயாரிப்பும் முடிந்துவிட்டது. மழை நாளில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து வளைவுகளில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது வெறும் காகிதத் தகவல் இல்லை.

டிஎஸ்ஜி கியர் என்றாலே நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அண்ணன் அதைத் தெளிவாக்கினார். பெரிதும் பேசப்பட்டது 7 கியர் கொண்ட உலர் கிளட்ச் வகை. சிறிய எஞ்சின் கார்களில் வந்தது அது. 2013-இல் ஃபோக்ஸ்வேகன் உலக அளவில் அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து கியர் எண்ணெயை மாற்றிக்கொடுத்தது. இந்த ஜிடிஐயில் இருப்பது 6 கியர் கொண்ட, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகை. இது வேறு. ஆனால் இதற்கும் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கியர் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நாங்கள் பார்த்த காருக்கு முதல் 4 ஆண்டுகளுக்கு மட்டுமே பராமரிப்புப் பதிவு இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு கை மாறியிருக்கிறது. "மீட்டர் 78,000 காட்டுது. உண்மையா இருக்கலாம். எனக்குத் தெரியாது," என்றார் அண்ணன். அந்த "தெரியாது" என்ற சொல்லுக்கு அவர் ஒரு விலையும் வைத்தார்: "இதை எடுத்தா, கையில பத்தாயிரம் வெள்ளி தனியா வச்சுக்க. அந்தப் பணத்தை வேற எதுக்கும் தொடாதே."

கணக்குப் போட்ட இரவு

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நானும் தம்பியும் உட்கார்ந்து எழுதினோம்.

கோல்ஃபின் விலை 65,000 ரிங்கிட். 20,000 முன்பணம் கட்டினால் கடன் 45,000. ஒரு கணக்குக்காக, ஆண்டுக்கு 4.5 விழுக்காடு நிலையான வட்டி, 5 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டோம். வட்டி மட்டும் 10,125 ரிங்கிட். மாதத் தவணை கிட்டத்தட்ட 919 ரிங்கிட். சாலை வரி 372 ரிங்கிட். மீதமுள்ள 18,000-இல் அண்ணன் சொன்ன பத்தாயிரத்தை எடுத்து வைத்தால் 8,000. அதில் கல்யாணம்.

சத்ரியாவின் கணக்கு வேறு மாதிரி. 20 வயதைத் தாண்டிய காருக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை. எனவே முழுத்தொகையும் கையிலிருந்து வர வேண்டும். அது ஒரு தடை போலத் தெரியும். ஆனால் கையில் இருப்பதற்கு மேல் செலவு செய்ய விடாமல் நம்மைக் காப்பாற்றுவதும் அதுதான்.

காப்புறுதியில் சத்ரியாவுக்குத்தான் பின்னடைவு. வயதான காருக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது கடினம். பல நேரங்களில் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைக்கும். அப்படியானால் நம் தவறால் கார் நொறுங்கினால் நமக்கு ஒரு காசும் வராது. முழுக் காப்புறுதி கிடைக்கும் கோல்ஃபிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 5 வயதைத் தாண்டிய காருக்குப் பழைய பாகத்தை எடுத்துப் புதிய பாகம் போட்டால், அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பகுதியை நாமே தர வேண்டும். 5 வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 வயதுக்கு மேல் 40 விழுக்காடு வரை அது போகும். தனிக் கட்டணம் கட்டி இதிலிருந்து விலக்கு வாங்க முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள்.

பழுதும் இரு விதம். சத்ரியாவில் அடிக்கடி சின்னச் சின்னதாக வரும். ரப்பர் புஷ், ரேடியேட்டர் குழாய், குளிர்சாதனம், மேற்கூரையோரத் துரு. டைமிங் பெல்ட்டை நேரத்தில் மாற்றாமல் அது அறுந்தால் எஞ்சினே போய்விடலாம். எஞ்சின் மிட்சுபிஷி குடும்பம் என்பதால் அதன் பாகங்கள் ஹாஃப்-கட் கடைகளில் கிடைக்கும். ஆனால் ஜிடிஐக்கே உரிய பம்பரும் இருக்கைத் துணியும் உடைந்தால், கிழிந்தால் தேடி அலைய வேண்டும். கோல்ஃபில் பழுது அடிக்கடி வராது. வந்தால் பெரிதாக வரும். குளிர்நீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டில் கசிவு, உள்ளிழுப்பு வால்வுகளில் கரி படிவது, கியரின் மின்னணுப் பகுதி, டர்போ. அதைப் பார்க்கத் தெரிந்த பட்டறையும் கணினியும் வேண்டும்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. பழைய கார் நம் சனிக்கிழமைகளைக் கேட்கிறது. புதிய டர்போ நம் சேமிப்பைக் கேட்கிறது. நம்மிடம் எது மிச்சமிருக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எது வேகமானது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

அப்பாவின் கேள்வி

அப்பா தூங்கப் போயிருப்பார் என்று நினைத்தோம். தண்ணீர் குடிக்க வந்தவர் நாங்கள் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். மாதத் தவணையில் விரலை வைத்தார். பிறகு, நாங்கள் அதுவரை முழுதாகக் கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார். துண்டு துண்டாகத்தான் அதுவரை தெரியும்.

அப்பா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்தில் துரைக்குக் கார் இருந்தது, பெரிய கிராணிக்கு ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. அதைக் கழுவிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பத்துக் காசு. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நம் நாட்டுக் கார், நாமும் ஒரு நாள் வாங்கலாம் என்று அன்றைக்கு நினைத்தாராம். வாங்கியது 1993-இல், அதுவும் பழையது. அம்மா கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம், ரொக்கம்.

1997-இல் தோட்டம் கை மாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தலைமுறை இருந்த வீடு, ஆனால் வீடு தோட்டத்துடையது. அம்மா வைத்த கறிவேப்பிலை மரமும் தோட்டத்து மண்ணில்தான் நின்றது. எனக்கு அப்போது 7 வயது, தம்பி கைக்குழந்தை. அந்தச் சாகாவின் கூரையில் மெத்தையைக் கட்டி, உள்ளே சாமி படங்களையும் பாத்திரங்களையும் வைத்துக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அன்னிக்கு எங்களோடதுன்னு இருந்தது அந்த ஒரு காடிதான்," என்றார் அப்பா. "அடுத்த வருஷம் பொருளாதாரம் படுத்துச்சு. நாம வந்த தாமான்லயே நாலு வீட்டுக் காடியை இழுத்துட்டுப் போனாங்க. எல்லாம் நல்லா வேலை பார்த்தவங்க. ஒருத்தர் காடிக்குள்ள பிள்ளையோட பள்ளிக்கூடப் பை இருந்துச்சு. கடன் வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லல. இந்த வீடே கடன்லதான் வாங்கினோம். ஆனா ஆசைக்கு வாங்குற பொருள் கடன்ல வந்தா, ராத்திரி தூக்கத்தை அது எடுத்துக்கும்."

அப்போதுதான் அந்த முதல் கேள்வி எங்களுக்குப் புரிந்தது.

அப்பா சொன்னது வெறும் பழங்கதை இல்லை. இளையோர் திவாலாவதற்குத் தனிநபர் கடனும் வாகனத் தவணைக் கடனும் முக்கியக் காரணங்கள் என்று நம் நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1967-ஆம் ஆண்டுத் தவணை முறைக் கொள்முதல் சட்டத்தின் கீழ், தொடர்ந்து 2 மாதத் தவணை நிலுவையானால் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துச் செல்ல வழி உண்டு. கடைசித் தவணை கட்டி, பதிவுப் பத்திரத்திலிருந்து வங்கியின் பெயர் நீங்கும்வரை கார் முழுமையாக நம்முடையது ஆவதில்லை.

பிஸ்கட் டின் சொன்ன உண்மை

இரண்டு வாரம் கழித்து, பத்து காஜாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய சத்ரியா ஜிடிஐயை விற்கிறார் என்று பட்டறை வழியாகத் தகவல் வந்தது. போனோம். பார்ப்பதற்குச் சுமார்தான். கூரையில் வண்ணம் மங்கியிருந்தது. குளிர்சாதனம் வெந்நீர் போட்ட அறை மாதிரி ஊதியது. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்திருந்தது.

ஆனால் அந்த ஐயா உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். 2001-லிருந்து ஒவ்வொரு ரசீதும் அதில் இருந்தது. எண்ணெய் மாற்றியது, டைமிங் பெல்ட் மாற்றியது, டயர் வாங்கியது எல்லாம் தேதி வாரியாக நூல் கட்டி. பதிவுப் பத்திரத்தில் 1,834 சிசி. எஞ்சின் எண், சட்டக எண் இரண்டும் ஒத்துப்போயின. ஒரே உரிமையாளர்.

"மகன் சிங்கப்பூர்ல இருக்கான். அவனுக்கு வேணாமாம். யாராவது ஓட்டுறவங்க கையில போனா சரி," என்றார்.

பட்டறை அண்ணன் காரை ஏற்றி அடியில் பார்த்தார். ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தம்பியிடம் சொன்னார்: "இதுல எது கெட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

26,000 ரிங்கிட்டுக்குப் பேசி முடித்தோம். பி5 ஆய்வு முடிந்த பிறகே மீதிப் பணம் கை மாறியது. முதல் இரண்டு மாதத்தில் டைமிங் பெல்ட், நீர் பம்ப், புஷ்கள், குளிர்சாதனக் கம்ப்ரசர், 4 டயர் என்று 6,800 ரிங்கிட் செலவு. கையில் இன்னும் 5,200 மிச்சம். மாதத் தவணை இல்லை. தவணை என்று நினைத்துக்கொண்டு மாதம் 600 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறான். அதில் 200 காருக்கு, 400 கல்யாணத்துக்கு. வேலைக்குப் போவது இன்னும் மைவியில்தான்.

இதனால் எல்லாரும் பழைய காரைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி வாரம் இரண்டு முறை ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வருகிறாள். ஒரு வழிக்கே 200 கிலோமீட்டர். பெரும்பாலும் இருட்டில், தனியாக. அவளுக்கு இருப்பது ஒரே கார். பட்டறையில் சனிக்கிழமை உட்கார அவளுக்கு நேரமில்லை. முழுப் பராமரிப்புப் பதிவுள்ள கோல்ஃப் ஜிடிஐயைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்கினாள். சம்பளத்தில் தவணை போக, பழுதுக்கென்று தனியாகவும் வைத்திருக்கிறாள். அவளுக்கு அது சரியான முடிவு. அவள் சத்ரியாவை வாங்கியிருந்தால், மழை இரவில் அவளுடைய அம்மா தூங்கியிருக்க மாட்டார்.

வாங்கப் போகிறீர்களா?

ஆறு வார அலைச்சலில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. உங்களிடம் இருக்கப்போவது இது ஒன்றுதானா? ஆம் என்றால் பழைய காரைத் தவிர்ப்பது நல்லது. வேலைக்குப் போக வேறு வண்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

2. காரைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். பதிவுப் பத்திரத்தின் சிசி, எஞ்சின் எண், சட்டக எண், சாலை வரித் தொகை நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

3. டர்போ காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நாம் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீலப்புகை, விசில் போன்ற புதிய சத்தம், கியர் மாறும்போது உதறல் இவற்றைக் கவனியுங்கள்.

4. விற்பவரின் பட்டறையில் சோதிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்காகக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை.

5. பையில் இருக்கும் முழுப் பணத்தையும் காரின் விலையாகக் கொடுக்காதீர்கள். பழைய கார் என்றால் விலையில் கால் பங்கு, பழைய டர்போ என்றால் குறைந்தது பத்தாயிரம் ரிங்கிட். இது எங்கள் அண்ணனின் கணக்கு.

6. கார் வாங்கும் முன் காப்புறுதி முகவரிடம் பேசுங்கள், வாங்கிய பின் அல்ல.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அப்பாவைச் சத்ரியாவில் உட்காரவைத்துச் சுங்கை சிப்புட் வரை போனான். நான் பின்னால் மைவியில் வந்தேன். தோட்டம் இருந்த இடத்தில் ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடம் எது என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியவில்லை. கோயில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. கும்பிட்டோம்.

கிளம்பும்போது தம்பி சாவியை அப்பாவிடம் நீட்டினான். "ஓட்டுறீங்களா அப்பா?"

அப்பா கிளட்சை மிதித்துப் பார்த்தார். "கனமா இருக்குடா" என்றார். பிறகு முதல் கியரைப் போட்டு, எஞ்சின் நிற்காமல், மெதுவாகக் கிளப்பினார்.